கார்புரேட்டரா, எஃப்.ஐ.யா? முதலில் மீட்டரை வாங்குங்கள்

இன்ஜின் வேலையில் இறங்கியவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். போர் பெரிதாக்கியாயிற்று, கேம் மாற்றியாயிற்று, ஹெட்டில் போர்ட்டிங்கும் முடிந்தது. இனி பெட்ரோலை எதன் வழியாகக் கொடுப்பது? கார்புரேட்டரிலேயே இருந்துவிடலாமா, ஃப்யூவல் இன்ஜெக்‌ஷனுக்கு (எஃப்.ஐ.) மாறிவிடலாமா? பட்டறையில் நாலு பேர் நின்றால் நாலு பதில் வரும். பெரும்பாலும் எல்லாமே 'எதில் பவர் அதிகம்' என்பதைச் சுற்றியே வரும்.

பவரை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். அதற்கான சாட்சி நம் சாலையிலேயே ஓடுகிறது. பஜாஜ் பல்சர் 220 வண்டி 2007-இல் வந்தபோது இன்ஜெக்‌ஷனோடு வந்தது. சுமார் 20 குதிரைத்திறன். 2009-இல் அதே இன்ஜினுக்குக் கார்புரேட்டர் போட்டு, விலையையும் குறைத்து விற்றார்கள். பவர் குறையவில்லை, சுமார் 21 ஆனது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்ததும் மறுபடி இன்ஜெக்‌ஷன். பவர் மறுபடியும் 20-ஐ ஒட்டி வந்து நின்றது. அமெரிக்காவின் நாஸ்கார் கப் பந்தயக் கார்கள் 2011 வரை கார்புரேட்டரில்தான் ஓடின. 800 குதிரைத்திறனுக்கு மேல் கொடுத்த வி8 இன்ஜின்கள் அவை. 2012-இல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறியதற்குப் பவர் போதாமை காரணமில்லை. முழுத் திராட்டிலில், ஒரே ஆர்.பி.எம்.மில், ஒரே தட்பவெப்பத்தில், நன்றாக ஜெட் பிடித்த கார்புரேட்டர் எந்த இன்ஜெக்‌ஷனுக்கும் சளைத்ததல்ல.

அப்படியானால் எதைக் கேட்க வேண்டும்? இந்த இன்ஜினை யார் டியூன் செய்யப் போகிறார், கலவையை எதை வைத்து அளக்கப் போகிறார், வண்டி எந்தெந்த உயரத்தில் எந்தப் பெட்ரோலில் ஓடப் போகிறது? இந்த மூன்றுக்கும் நேர்மையாகப் பதில் சொன்னால் பாதிப் பேருக்கு முடிவு தானாகவே வந்துவிடும்.

அளவைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் பணம் முதலில் போக வேண்டிய இடம் அதுதான். எத்தனால் கலக்காத பெட்ரோல் சரியாக எரிய, எடைக்கு எடை 14.7 பங்கு காற்று வேண்டும். ஆனால் முழு பவர் கிடைப்பது கொஞ்சம் ரிச்சான, அதாவது பெட்ரோல் கூடிய, கலவையில்: 12.5-க்கும் 13-க்கும் நடுவே. முழுத் திராட்டிலில் 14-ஐத் தாண்டி லீனாக, அதாவது பெட்ரோல் குறைந்து, ஓடினால் நாக்கிங் தொடங்கும், பிஸ்டன் தலை வேகும். 11-க்குக் கீழே ரிச்சானால் பவர் போகும், பெட்ரோல் போர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும். இந்த இடைவெளி காதுக்குத் தெரியாது. நல்ல மெக்கானிக்குகள் பிளக் நிறத்தைப் பார்த்து நெருங்கிவிடுவார்கள், அந்தத் திறமையை நான் மதிக்கிறேன். ஆனால் இன்றைய பெட்ரோலில் பிளக்கில் நிறம் ஏறுவதே குறைந்துவிட்டது. ஆகவே பெண்ட் பைப்பில் ஒரு நட்டை வெல்டு வைத்து, ஒரு வைட்பேண்ட் லாம்டா சென்சாரும் மீட்டரும் போடுங்கள். சென்சாரின் முனை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். படுக்கையாகவோ தலைகீழாகவோ வைத்தால் தண்ணீர் தேங்கிக் கெட்டுவிடும். கார்புரேட்டருக்கும் இது வேண்டும், எஃப்.ஐ.க்கும் வேண்டும். மீட்டர் இல்லாமல் பெரிய கார்புரேட்டர் வாங்குபவரும், மீட்டர் இல்லாமல் புது ஈ.சி.யு. (எஃப்.ஐ.யின் கட்டுப்பாட்டுக் கணினி) வாங்குபவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்.

ஒரு விலக்கு உண்டு. டூ-ஸ்ட்ரோக்கில் எரியாத கலவை கொஞ்சம் நேராக சைலன்சருக்குப் போய்விடுவதால் சென்சார் காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது, ஆயில் படிந்து சென்சாரும் சீக்கிரம் போய்விடும். அங்கே பிளக்கும், பிஸ்டன் தலையின் நிறமும், புகைக்குழாய் வெப்பமானியும்தான் வழிகாட்டி.

இனி கார்புரேட்டர். அதை ஒரே பொருளாகப் பார்ப்பதால்தான் பலர் தடுமாறுகிறார்கள். உள்ளே நாலைந்து வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் திராட்டில் திறப்பின் ஒரு பகுதிக்கு. ஐட்லிங்கில் இருந்து எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். அதன் பிறகு ஸ்லைடின் அடி வெட்டு. கால் திறப்பில் இருந்து முக்கால் வரை நீடில். முக்காலுக்கு மேல்தான் மெயின் ஜெட்டின் ஆட்சி. 'மெயின் ஜெட் பெரிசு பண்ணிட்டேன், இன்னும் பிக்அப்ல அடைக்குது' என்று வருபவரின் பிரச்சினை பெரும்பாலும் மெயின் ஜெட்டில் இருக்காது. அவர் ஓட்டுவதெல்லாம் கால் திறப்புக்கும் அரைத் திறப்புக்கும் நடுவே, அது நீடிலின் இடம்.

அதனால் டிராக் நாளில் முதலில் செய்ய வேண்டியது ஜெட் மாற்றுவது அல்ல. திராட்டில் கைப்பிடியிலும், அசையாத பக்கத்தில் ஸ்விட்ச் கவரிலும் வெள்ளை டேப் ஒட்டுங்கள். மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுசு என்று பேனாவால் கோடு போடுங்கள். இப்போது எந்தக் கோட்டில் மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று சொல்ல முடியும். முதலில் மெயின் ஜெட்: நாலாவது கியரில் முழுசாகத் திறந்து இழுத்து, 13-ஐ ஒட்டி வரும் வரை. அடுத்து அரைத் திறப்பில் பிடித்து நீடில் கிளிப்; கிளிப்பைக் கீழே இறக்கினால் நீடில் உயரும், ரிச்சாகும். கடைசியில் பைலட். ஏர் ஸ்க்ரூ ஒன்றரைச் சுற்றை ஒட்டித் திறந்த நிலையில் ஐட்லிங் நன்றாக இருந்தால் பைலட் சரி. இரண்டரைச் சுற்றுக்கு மேல் திறந்தால்தான் சீராகிறது என்றால் பைலட் பெரிசு, ஒரு சுற்றுக்குள்ளேயே மூட வேண்டியிருந்தால் சிறிசு. கெய்ஹின் பி.டபிள்யு.கே. வகையில் கிண்ணத்தின் அடியில் உள்ள பெரிய போல்ட்டைக் கழற்றினாலே மெயின் ஜெட் தெரியும், கார்புரேட்டரை இறக்க வேண்டியதில்லை. கீழே ஒரு துணியும் பெட்ரோல் பிடிக்க ஒரு டப்பாவும் வைத்துக்கொண்டால் இரண்டு ஓட்டங்களுக்கு இடையில் வேலை முடிந்துவிடும். லேப்டாப் வேண்டாம், கேபிள் வேண்டாம். கார்புரேட்டரின் பெரிய பலம் இதுதான்.

ஜெட் எண்ணில் ஏமாறாதீர்கள். கெய்ஹின் எண் துளையின் விட்டத்தைக் குறிக்கிறது. 110 என்றால் சுமார் 1.10 மில்லிமீட்டர். மிக்குனியின் ஆறுமுனை ஜெட்டில் உள்ள எண் பெட்ரோல் பாயும் அளவைக் குறிக்கிறது. இரண்டு 110-ம் ஒன்றல்ல. இன்னொன்று, கடைகளில் பிரபல பெயர் பொறித்துக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் போலிக் கார்புரேட்டர்கள். அவற்றில் ஸ்லைடு ஆடும், ஜெட் துளை எண்ணுக்குப் பொருந்தாது, ஒரே எண் போட்ட இரண்டு ஜெட்டும் வேறு வேறாகப் பாயும். அதில் டியூன் செய்ய உட்கார்ந்தால் உங்கள் நாள்தான் வீணாகும். வண்டியோடு வந்த நல்ல கார்புரேட்டரைச் சுத்தம் செய்து சரியாக ஜெட் பிடிப்பது, பெரிய போலியைவிட எப்போதும் மேல்.

அளவிலும் நிதானம் வேண்டும். பெரிய வாய் என்றால் குறைந்த ஆர்.பி.எம்.மில் காற்றின் வேகம் விழும், பெட்ரோலை இழுக்கும் சக்தி குறையும், திடீரெனத் திருகினால் இன்ஜின் மூச்சடைத்து நிற்கும். கார்புரேட்டரோடு ஆலையில் இருந்து வந்த ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகள் பலவற்றில் இருப்பது சி.வி. வகை: திராட்டிலை நீங்கள் திறந்தாலும், ஸ்லைடை உயர்த்துவது வெற்றிடமும் ரப்பர் டயஃப்ரமும்தான். சாலைக்கு அது அருமையானது. ஆனால் ஏர்பாக்ஸைக் கழற்றிவிட்டுக் கூம்பு ஃபில்டர் போட்டால் அதன் கணக்கே குலைந்துவிடும், அப்புறம் எந்த ஜெட் போட்டாலும் நடுவில் ஒரு ஓட்டை இருக்கும். சி.வி.யை வைத்திருப்பவர்கள் ஏர்பாக்ஸையும் வைத்திருங்கள்.

கார்புரேட்டர் எங்கே தோற்கிறது என்றும் சொல்ல வேண்டும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எஃப்.ஐ.யானாலும் அதற்கேற்பப் பவர் போகத்தான் செய்யும். ஆனால் கார்புரேட்டருக்குக் காற்று மெலிந்தது தெரியாது. காற்று குறையும் அளவுக்குப் பெட்ரோலைக் குறைக்காது. கணக்குப்படி கலவை சுமார் 12 சதவீதம் ரிச்சாகும். சென்னையில் 13 என்று பிடித்து வைத்தது ஊட்டியில் 11.6-ஐ ஒட்டி நிற்கும். வண்டி நின்றுவிடாது, ஆனால் மேட்டுப்பாளையத்தில் துள்ளிய வண்டி குன்னூருக்கு மேலே சோர்ந்துவிடும். கர்துங் லா போன்ற 5,000 மீட்டரைத் தாண்டிய கணவாய்களில் நிலைமை இன்னும் மோசம். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 2016-இல் கார்புரேட்டரோடு வந்து, அடுத்த ஆண்டே எஃப்.ஐ.க்கு மாறியது. கார்புரேட்டரா எஃப்.ஐ.யா என்று கேட்பவர் மலைக்கே அடிக்கடி போகிறவர் என்றால் நான் யோசிக்காமல் எஃப்.ஐ. என்பேன்.

அடுத்தது எத்தனால். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது சரியாக எரிய 14.7 அல்ல, சுமார் 13.5 பங்கு காற்றே போதும். அதாவது அதே காற்றுக்குப் பெட்ரோல் கூடுதலாக வேண்டும். எத்தனால் இல்லாத காலத்தில் ஜெட் பிடித்த கார்புரேட்டர் இன்று சுமார் 8 சதவீதம் லீனாக ஓடுகிறது. ஜெட்டின் துளைப் பரப்பு அந்த அளவு கூட வேண்டும் என்றால் விட்டம் சுமார் 4 சதவீதம் கூடினால் போதும். கெய்ஹின் 110 இருந்த இடத்தில் 115-ஐப் போட்டுப் பாருங்கள். பழைய பைக்குகளில் 'முன்னே மாதிரி இழுக்கலே, சூடு ஏறுது' என்ற புகார் வந்தால் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். மீட்டரிலும் விகித எண்ணுக்குப் பதில் லாம்டாவைப் பாருங்கள், அந்தந்தப் பெட்ரோல் சரியாக எரியும் விகிதம்தான் அதில் ஒன்று: எந்தப் பெட்ரோலானாலும் முழுத் திராட்டிலில் 0.86 முதல் 0.88 வரை என்பது நல்ல இலக்கு. வண்டியை வாரக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் ஃப்ளோட் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், முதலில் அடைபடுவது பைலட் ஜெட்தான்.

எஃப்.ஐ. பக்கம் வருவோம். இங்கே ஒரு நம்பிக்கையை உடைத்தாக வேண்டும்: 'இன்ஜெக்‌ஷன் தானாகவே சரி செய்துகொள்ளும்.' பாதிதான் உண்மை. ஆலையில் இருந்து வரும் வண்டியின் ஆக்சிஜன் சென்சார் சீராகப் போகும்போது மட்டும் கலவையை லாம்டா ஒன்றை ஒட்டித் திருத்தும். முழுத் திராட்டிலில் ஈ.சி.யு. அதைக் கவனிப்பதில்லை, தன்னிடம் உள்ள மேப் என்ற அட்டவணையில் எழுதியிருப்பதைக் கொடுக்கும். நீங்கள் ஃப்ரீ-ஃப்ளோ சைலன்சரும் புது ஃபில்டரும் போட்டுக் காற்றைக் கூட்டினால், அந்தக் கூடுதல் காற்று மேப்புக்குத் தெரியாது. ஊருக்குள் வண்டி அழகாகப் போகும். டிராக்கில் முழுசாகத் திறக்கும்போதுதான் லீனாகும், அதாவது சேதம் வரக்கூடிய இடத்தில்.

அந்த மேப்பைத் திருத்த மூன்று வழிகள்: ஈ.சி.யு.வையே ரீமேப் செய்வது, சென்சார் சமிக்ஞையை இடையில் புகுந்து மாற்றும் பிக்கிபேக், அல்லது முழுவதும் நம் கையில் இருக்கும் ஸ்டாண்ட்அலோன். சைலன்சர், ஃபில்டர் அளவில் நிற்பவருக்குப் பிக்கிபேக் போதும். பெங்களூரு ரேஸ் டைனமிக்ஸின் பவர்ட்ரானிக் போன்றவை இக்னிஷன் டைமிங்கையும் மாற்றித் தருபவை. அந்த டைமிங்தான் எஃப்.ஐ.யின் உண்மையான லாபம். ஆர்.பி.எம்.மும் திராட்டிலும் சேர்ந்த ஒவ்வொரு கட்டத்திலும் பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் தனித்தனியே வைக்கலாம். கம்ப்ரஷன் ஏற்றிய இன்ஜினில் ஒரே ஒரு இடத்தில் நாக்கிங் வந்தால் அங்கே மட்டும் இரண்டு டிகிரி பின்னால் தள்ளலாம். கார்புரேட்டர் வண்டியில் இதைச் செய்ய புரோகிராம் செய்யக்கூடிய சி.டி.ஐ. வேண்டும். கார்புரேட்டரிலேயே இருக்க முடிவு செய்தவர்களுக்கு அடுத்த செலவாக நான் சொல்வது அதைத்தான்.

பழைய கார்புரேட்டர் இன்ஜினை ஸ்டாண்ட்அலோனுக்கு மாற்றுவது வேறு உலகம். இன்ஜெக்டரும் திராட்டில் பாடியும் வாங்கினால் முடிந்தது என்று நினைப்பவர்கள் மீதி வேலையை யோசிப்பதில்லை. கிராங்க் எங்கே நிற்கிறது என்று ஈ.சி.யு.வுக்குச் சொல்ல, 36 பல்லில் ஒன்று குறைந்தது போன்ற ஒரு சக்கரமும் பிக்அப் சென்சாரும் வேண்டும். 3 பார் அழுத்தம் தரும் பம்பு, ரெகுலேட்டர், டேங்குக்குத் திரும்பும் குழாய் வேண்டும். பம்பு ஒன்றே சில ஆம்பியர் மின்சாரம் கேட்கும். பழைய வண்டியின் சார்ஜிங் அதைத் தாங்குமா என்று முதலில் அளந்து பாருங்கள். வோல்டேஜ் விழுந்தால் இன்ஜெக்டர் திறக்க அதிக நேரம் எடுக்கும், உள்ளே போகும் பெட்ரோல் குறையும், வயரிங் கோளாறு ஒன்று லீன் கலவையாக உருமாறி வரும்.

இன்ஜெக்டர் அளவை ஊகத்துக்கு விடாதீர்கள். 25 குதிரைத்திறன் எதிர்பார்க்கும் ஒற்றை சிலிண்டர் என்றால் மணிக்குச் சுமார் 5.7 கிலோ பெட்ரோல் வேண்டும். நிமிடத்துக்கு 128 சி.சி. இன்ஜெக்டர் 85 சதவீதத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்று வைத்தால் 150 சி.சி. இன்ஜெக்டர். எத்தனாலுக்காக இன்னும் கொஞ்சம் சேர்த்து 165 என்று பாருங்கள். 'இருக்கட்டும்' என்று 400 சி.சி. போட்டால் ஐட்லிங்கில் அவ்வளவு சின்னத் துளியை அதனால் கொடுக்க முடியாது, வண்டி சிக்னலில் நின்று நின்று அணையும்.

இன்னொரு நுணுக்கம். பெரிய கேம் போட்ட ஒற்றை சிலிண்டரில் மேனிஃபோல்டு அழுத்தம் தாறுமாறாகத் துடிக்கும். அதை நம்பி மேப் எழுதினால் சீராக வராது. திராட்டில் நிலையையும் ஆர்.பி.எம்.மையும் வைத்து எழுதும் ஆல்ஃபா-என் முறை அங்கே நன்றாக உட்காரும். ஆனால் அந்த முறைக்கு உயரம் தெரியாது, ஒரு காற்றழுத்த சென்சார் தனியாகச் சேர்க்க வேண்டும். அதைச் சேர்க்காமல் விட்டால், கார்புரேட்டரை விட்டு வந்ததற்கான முக்கியக் காரணத்தையே தொலைத்தவராவீர்கள்.

என் முடிவுகளை நேராகச் சொல்கிறேன். யமஹா ஆர்.எக்ஸ். 100, ஆர்.டி. 350 போன்ற டூ-ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் கார்புரேட்டரை விட்டு நகர வேண்டாம். அந்த இன்ஜினின் அடிப்பகுதி கலவையில் வரும் பெட்ரோலாலும் ஆயிலாலும்தான் குளிர்ந்து, வழுவழுப்பாக ஓடுகிறது. ஆர்.எக்ஸ்.ஸில் பெரிய கார்புரேட்டர் போடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஆக்சிலரேட்டர் கேபிள் இரண்டாகப் பிரிந்து ஒன்று கார்புரேட்டருக்கும் மற்றது ஆயில் பம்புக்கும் போகிறது. கேபிள் நீளம் மாறினால் ஆயில் பம்பின் குறியை மறுபடி ஒத்து வையுங்கள். அதை விட்டதால் பிஸ்டன் பிடித்த வண்டிகள் ஏராளம்.

ஒற்றை சிலிண்டர் கார்புரேட்டர் ஃபோர்-ஸ்ட்ரோக்கை டிராக் நாளுக்கும் ஊருக்குள்ளும் ஓட்டுபவர்கள், பழைய புல்லட்டோ பல்சரோ, கார்புரேட்டரிலேயே இருங்கள். மிச்சமாகும் பணத்தில் மீட்டர், ஒரு பெட்டி ஜெட், டைனோவில் ஒரு நாள். டிராக் (drag) ரேஸுக்கு, கால் மைல் மட்டுமே ஓடும் வண்டிக்கு, முழுத் திராட்டில் ஒன்றுதான் கணக்கு. அங்கும் கார்புரேட்டர் தாராளமாகப் போதும்.

நாலு சிலிண்டர் கார் என்றால் என் பதில் மாறும். ஒரே கார்புரேட்டரில் இருந்து மேனிஃபோல்டு வழியே நாலு சிலிண்டருக்கும் கலவை சமமாகப் போவதில்லை, லீனாக நிற்கும் ஒரு சிலிண்டருக்காக மற்ற மூன்றையும் ரிச்சாக வைக்க வேண்டியிருக்கிறது. சிலிண்டருக்கு ஓர் இன்ஜெக்டர் என்பது அந்தச் சிக்கலை வேரோடு தீர்க்கிறது. டர்போ வைக்கும் எண்ணம் இருந்தால் கேள்வியே இல்லை, எஃப்.ஐ.தான். ராலிக்கும் மலைப்பாதைக்கும் அதேதான்.

எஃப்.ஐ.யோடு வந்த டியூக்கையோ ஆர் 15-ஐயோ 'எளிதாக இருக்கட்டும்' என்று கார்புரேட்டருக்கு இறக்காதீர்கள். இப்படிக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதே ஈ.சி.யு.தான் ஸ்பார்க்கையும் பார்க்கிறது. அதைக் கழற்றினால் டைமிங்கும் போய்விடும். சாலையில் ஓடும் பி.எஸ்.6 வண்டியில் அதைச் செய்தால் புகைச் சோதனையில் நிற்காது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் அனுமதியில்லாத மாற்றங்களைத் தடுக்கிறது. காப்பீட்டுக் கோரிக்கையும் சிக்கலாகும். மாற்றங்களை டிராக் வண்டியோடு வைத்துக்கொள்ளுங்கள். கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயும், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக்கும் அதற்காகவே இருக்கின்றன.

உங்கள் ஊரில் உங்களுக்கு மேப் எழுதித் தரக்கூடியவர் யார் என்பதையும் வாங்குவதற்கு முன்பே பாருங்கள். அவர் ஏற்கெனவே டியூன் செய்த ஒரு வண்டியின் டைனோ தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் பவர் கோட்டை மட்டும் பார்க்காமல், அதன் கீழே ஓடும் லாம்டா கோட்டைப் பாருங்கள். ஆரம்பம் முதல் கடைசி வரை கிட்டத்தட்ட சமமாக ஓடினால் அவரை நம்பலாம். லாம்டா கோடே இல்லாத தாள் என்றால் வேறு ஆளைத் தேடுங்கள். அருகில் அப்படி ஒருவரும் இல்லை, நீங்களே லேப்டாப் வைத்துக் கற்றுக்கொள்ளும் பொறுமையும் இல்லை என்றால், எவ்வளவு நல்ல ஈ.சி.யு.வாக இருந்தாலும் இப்போதைக்கு வாங்காதீர்கள்.

மாற்றுவதென்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு ஒன்று. கார்புரேட்டர் பெட்ரோல் குழாயில் பெரிய அழுத்தம் கிடையாது, கசிந்தால் சொட்டும். 3 பாரில் கசிந்தால் பீய்ச்சும், அதுவும் சூடான பெண்ட் பைப்பின் மேல். பழைய ரப்பர் குழாயை அப்படியே விடாமல், இன்ஜெக்‌ஷனுக்கென்றே வரும், எத்தனாலைத் தாங்கும் குழாயை வாங்குங்கள். துளை போட்ட பட்டை கிளாம்பு குழாயை அறுக்கும். சுற்றிலும் சமமாக இறுக்கும் வகையைப் போடுங்கள். வண்டி விழுந்தால் பம்பு தானாக நிற்க டில்ட் ஸ்விட்ச் கட்டாயம். முதல் முறை சாவியைத் திருப்பும்போது இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் பம்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.